பாலின் சர்க்கரையும் பச்சிளங் குழந்தையின் குடலும்

'பால் மணம் மாறாப் பருவம்' என்று குழந்தைப் பருவத்தைக் குறிப்பது தமிழர் வழக்கு. பாலுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு அத்துணை நெருக்கமானது. அந்தப் பாலே ஒருநாள் பிள்ளைக்கு ஒவ்வாமற் போனால் பெற்றவள் உள்ளம் என்ன பாடுபடும்! வயிற்றுப்போக்கு வந்து சற்றே தணிந்த குழந்தை, புட்டிப்பால் குடித்த சிறிது நேரத்திற்கெல்லாம் வயிறு உப்பிக் கால்களை மடக்கி அழுகிறது. புளித்த நாற்றத்தோடு நீராகக் கழிகிறது. பின்புறம் சிவந்து புண்ணாகிறது. "பால் சேரவில்லை" என்கிறார் பாட்டி. "பாலையே நிறுத்து" என்கிறார் அண்டை வீட்டார். கடைக்காரரோ விலை மிகுந்த வேறொரு டின்னை எடுத்து நீட்டுகிறார். மாதக் கூலியில் வாழும் குடும்பம் அந்த டின்னை எத்தனை நாளைக்கு வாங்க இயலும்?

பாட்டியார் சொல்வதிலும் உண்மை உண்டு. கடைக்காரர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் முழு உண்மையல்ல. முழு உண்மையை அறிய மருத்துவ உலகிற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெர்லினில் தொடங்கி, மான்செஸ்டர், மெல்பர்ன், சிங்கப்பூர், டாக்கா எனப் பல நகரங்களைத் தொட்டுச் செல்லும் வரலாறு இது. இதனை அறிந்தோர் வீண் செலவையும் அதனினும் கொடிய வீண் பட்டினியையும் தவிர்க்கலாம்.

பாற்சர்க்கரை என்பது யாது?

பாலில் இயற்கையாகவே ஒருவகைச் சர்க்கரை உண்டு. இத்தாலிய மருத்துவர் பார்த்தோலெத்தி 17ஆம் நூற்றாண்டில் பாலின் தெளிநீரிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். அது சர்க்கரையே என்பதை 1780ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே நிறுவினார். லாக்டோஸ் என்னும் இப்பாற்சர்க்கரை, தாய்ப்பாலில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் உள்ளது. பசும்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குழந்தைகளுக்கென ஆக்கப்பெறும் வழக்கமான பால்மாவிலும் தாய்ப்பாலின் அளவுக்கே இது சேர்க்கப்படுகிறது.

குளுக்கோஸ், கேலக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகள் கைகோத்து நிற்பதே பாற்சர்க்கரை. அந்தக் கைகளைப் பிரித்தாலன்றிக் குடல் அதனை உறிஞ்சிக்கொள்ள முடியாது. பிரிக்கும் வேலையைச் செய்வது லாக்டேஸ் என்னும் நொதி. சிறுகுடலின் உட்சுவரில் மெல்லிய பஞ்சிழை போல நிற்கும் குடலுறிஞ்சிகளின் நுனிப்பகுதியில் அது குடியிருக்கிறது. நுனியில் இருப்பதே அதற்கு ஆபத்து. வயிற்றுப்போக்குக் கிருமிகள் குடலுறிஞ்சிகளைத் தாக்கும்பொழுது முதலில் அழிவது அந்த நுனிதான். நொதி இல்லாக் குடலில் பாற்சர்க்கரை செரிக்காமல் தங்கி, நீரைத் தன்பால் இழுக்கிறது. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்க வைக்கின்றன. காற்றும் புளிப்பும் நீர்க் கழிச்சலும் இவ்வாறு பிறக்கின்றன.

ஆனால் குடல், தோல் போன்றது. உரிந்த இடத்தில் புதிது வளரும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ நுனிகள் மீண்டும் முளைக்கின்றன; நொதியும் திரும்புகிறது. ஆகவேதான் இது தற்காலிகக் குறை எனப்படுகிறது. புதிய திசு வளர வேண்டுமாயின் உடலுக்கு உணவு வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்க. பின்வரும் வரலாறு முழுதும் அந்த ஒன்றைச் சுற்றியே செல்கிறது.

டின் பாலின் வருகை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தாய்ப்பால் கிட்டாத குழந்தைக்குச் செவிலித்தாயோ, ஆட்டுப்பாலோ, பசும்பாலோதான் துணை. 1856இல் அமெரிக்கர் கெயில் போர்டன் பாலைச் சுண்டவைத்துக் கெடாமற் காக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1866இல் சுவிட்சர்லாந்தின் காம் என்னும் ஊரில் ஐரோப்பாவின் கட்டிப்பால் ஆலை எழுந்தது. 1860களிலேயே ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் குழந்தை உணவு ஒன்றை ஆக்கினார். 1867இல் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த உணவை வெளியிட்டார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் டின் பால் கப்பலேறிக் கீழை நாடுகள் எங்கும் பரவிவிட்டது.

மலாயாவில் அதற்கு ஆயத்தமான இடமும் இருந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. தாய்ப்பாலின் இடத்தைச் சர்க்கரை கலந்த கட்டிப்பால் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சேர்த்த சர்க்கரை கொண்ட பண்டம் அது. கொழுப்பு நீக்கிய வகையிலோ கண்ணுக்கு வேண்டிய 'ஏ' வைட்டமினும் இல்லை. இனிப்பு மிகுதியால் நிறைய நீர் விட்டுக் கலக்குவர்; வெண்ணிறம் இருக்கும், சத்து இராது.

இதனைக் கண்டு வெகுண்டெழுந்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். 1893இல் ஜமேக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற இவர், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்டில் பணியாற்றியபோது, புரதக் குறைவால் குழந்தைகள் வீங்கி மடியும் நோயை 1933இல் விவரித்தார். 1935இல் அதன் உள்நாட்டுப் பெயரான குவாஷியோர்க்கர் என்பதை மருத்துவ உலகிற்கு அறிவித்தார். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டுச் சிங்கப்பூரில் பணி ஏற்றார். செவிலியர் உடை தரித்த பெண்கள் வீடு வீடாகச் சென்று தாய்ப்பாலினும் டின் பாலே சிறந்தது என்று விற்பதை அங்கே கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் பேசினார். தவறான பிரசாரத்தால் குழந்தைகள் மாள்வதைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். தலைவர் பலர் கூடிய அவையில் அவ்வாறு பேசுவதற்குத் துணிவு வேண்டும் அன்றோ! ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் சிறைப்பட்டு மீண்ட அம்மையார், 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார், 1992இல் மறைந்தார்.

அம்மையார் கண்ட துயரத்தை இன்றைய அறிவு கொண்டு நோக்கின் அதன் சுழல் தெளிவாகத் தெரியும். தூய்மையற்ற நீரிற் கலந்த பால் கழிச்சலைத் தருகிறது, கழிச்சல் குடல் நுனியை அழிக்கிறது, பால் சேராமற் போகிறது, சேரவில்லை என்று மேலும் நீர் விட்டுக் கரைக்கிறார்கள், குழந்தை மெலிகிறது, மெலிந்த உடலில் குடல் ஆறுவதில்லை. கழிச்சல் நீள்கிறது.

பெர்லின் மருத்துவரின் மோர்ப்பால்

இச்சுழலை உடைக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் பெர்லின் குழந்தை மருத்துவர் ஹைன்ரிக் பிங்கல்ஸ்டைன். அக்காலத்தில் கழிச்சல் கண்ட குழந்தைக்குப் பாலை நிறுத்தித் தேநீர் மட்டும் கொடுத்து வயிற்றைக் காயப்போடுவது மருத்துவர் வழக்கம். பாலின் புரதமே தீங்கு செய்கிறது எனப் பலர் நம்பியிருந்தனர். பிங்கல்ஸ்டைனோ குற்றம் சர்க்கரையின் மீது என்று கருதினார். 1910இல் மேயர் என்பாருடன் சேர்ந்து 'புரதப்பால்' ஒன்றை வெளியிட்டார். பாலைத் திரித்து, கட்டியை மட்டும் எடுத்து, சல்லடையில் பன்முறை தேய்த்து, மோரும் நீரும் கலந்து ஆக்கியது அது. தெளிநீரோடு பாற்சர்க்கரையின் பெரும்பகுதி வெளியேறிவிடும், புரதம் தங்கிவிடும். பல குழந்தைகள் அதனால் தேறின.

நொதியின் அழிவை அவர் அறிந்திலர். ஆயினும் படுக்கையருகே இருந்து கண்ணாற் கண்டதைக் கொண்டே காரணத்தின் அருகில் சென்றுவிட்டார். யூதராகப் பிறந்த அவரை நாஜிகளின் ஆட்சி நாட்டைவிட்டு ஓடச் செய்தது. 1942இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் அயலவராக உயிர் நீத்தார்.

கழிச்சலுக்கு மோர் நல்லது என்பது தமிழ்ப் பாட்டியர்க்குப் புதிதன்று. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுகின்றன. எஞ்சியதைச் செரிப்பதற்கும் வயிற்றினுள் உதவுகின்றன. 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து உறுதி செய்தனர். நாட்பட்ட கழிச்சலுற்ற குழந்தைகளுக்குப் பாலினும் தயிரே ஏற்றது என்பதை 1990இல் வெளிவந்த அல்ஜீரிய ஆய்வும் காட்டியது.

சோயாவின் வழி

பாலே இல்லாத பால் ஒன்றைத் தேடியோரும் இருந்தனர். 1909இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டாக்டர் ஜான் ருரா, கழிச்சலுற்ற குழந்தைகளுக்குச் சோயா மாவைப் பயன்படுத்தியதை எழுதினார். 1920களின் இறுதியில் பீக்கிங் நகரில் டாக்டர் எர்னஸ்ட் சோ, சோயாப் பாலைக் கொண்டு குழந்தைகளை வளர்த்த முறையை வெளியிட்டார். சோயாவிற் பாற்சர்க்கரை இல்லை. சத்துகள் அளவறிந்து சேர்க்கப்பெற்ற சோயாப் பால்மாவு இவ்வழியிற் பிறந்ததே. அதற்கும் தெருவில் விற்கும் சோயாப் பானத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னது பெரியவர் தாகத்திற்கு ஆகும். பச்சிளங் குழந்தையின் உணவாகாது.

குற்றவாளி அகப்பட்டான்

பிங்கல்ஸ்டைன் ஐயுற்றதை அறிவியல் உறுதி செய்தது அரை நூற்றாண்டுக்குப் பின்னரே. 1959இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஹோல்செல், ஷ்வார்ஸ், சட்கிளிப் மூவரும், பாற்சர்க்கரையைச் செரிக்க இயலாமையால் குழந்தை மெலிவதை 'லான்செட்' இதழில் விளக்கினர். பிறவியிலேயே நொதி இல்லாமை மிக அரிது. கழிச்சலுக்குப் பின் வரும் தற்காலிகக் குறையே பெருவழக்கு என்பதை மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சார்லட் ஆண்டர்சன் அம்மையாரும் துணைவர்களும் 1960களில் எடுத்துக்காட்டினர்.

அவர்கள் வகுத்த சோதனை ஏழைக்கும் எட்டுவது. நீரிழிவு நோயாளரின் சிறுநீரைச் சோதிக்கப் பயன்பட்ட சாதாரண மாத்திரையொன்றைக் குழந்தையின் மலநீரில் இட்டனர். நிறம் மாறினால் செரிக்காத சர்க்கரை உண்டு என்பது பொருள். 1964இல் கெரியும் ஆண்டர்சனும் இதனை வெளியிட்டனர். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத ஊர் மருத்துவமனையும் சில நிமிடங்களில் உண்மையை அறியலாயிற்று. அதே மருத்துவமனையில் 1973இல் ரூத் பிஷப் அம்மையாரும் குழுவினரும், குடலின் நுனியை அழிக்கும் கிருமிகளுள் தலையாயதான ரோட்டா வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டனர்.

அயலார் அளவுகோல்

இதற்கிடையே வேறொரு உண்மையும் வெளிப்பட்டது. 1966இல் பால்டிமோர் நகரின் பெய்லஸும் ரோசன்ஸ்வைக்கும், வெள்ளையரினும் கறுப்பினத்தவருள் மிகப் பலருக்கு வளர்ந்தபின் லாக்டேஸ் குறைந்துவிடுகிறது என்று கண்டனர். 1970இல் சிங்கப்பூரில் நடந்த ஆய்வொன்றும் இங்குள்ள ஆசியரிடையே இக்குறை பரவலாக இருப்பதைக் கூறியது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் இந்நொதி குறைகிறது என்பது இன்றைய கணிப்பு. வடக்கு ஐரோப்பியர் தம் உடலை அளவுகோலாக வைத்து உலகை அளந்ததால், பெரும்பான்மையோரின் இயல்பு நோயாகத் தோன்றிற்று.

இவ்வுண்மையைக் குழந்தையின்மேல் ஏற்றிவிடுதல் தவறு. "எனக்கும் பால் ஒத்துக்கொள்ளாது, பிள்ளைக்கும் அப்படித்தான்" என்று கூறுவோர் உளர். பிறக்கும் குழந்தை, எவ்வினத்தது ஆயினும், பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலோடுதான் பிறக்கிறது. அஃதில்லையேல் தாய்ப்பாலை எவ்வாறு பருகும்? தந்தைக்கு வளர்ந்தபின் வந்த குறை வேறு. பிள்ளைக்குக் கழிச்சலால் வந்து, சில வாரங்களில் நீங்கும் குறை வேறு.

டாக்காவும் பாங்கானும்

காரணம் தெரிந்தபின் விலையுயர்ந்த சிறப்புப் பால்மாவுகள் பெருகின. பழைய பட்டினி வைத்தியமோ மறையவில்லை. கால் பங்கு, அரைப் பங்கு என நீர்த்த பாலில் தொடங்கிப் பல நாள் கழித்தே முழுப்பால் தரும் முறை நெடுங்காலம் நின்றது. பட்டினி போடாமல் தொடக்கத்திலேயே உணவூட்டியதால் கழிச்சலுற்ற குழந்தைகளுக்குத் தீங்கில்லை என்பதை சங், விஸ்கொரோவா என்பார் 1948லேயே காட்டியிருந்தனர். கேட்டவர் சிலரே.

திருப்பம் வங்கத்திலிருந்து வந்தது. 1968இல் டாக்காவில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தே காலரா நோயாளர்க்குச் செலுத்த வேண்டிய நரம்பு நீரைப் பெரிதும் குறைக்கலாம் என நாலினும் கேஷும் துணைவர்களும் காட்டினர். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையூரான பாங்கானின் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், நரம்பு நீர் தீர்ந்த நிலையில் அக்கரைசலையே வாளி வாளியாகக் கலந்து கொடுத்தார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த சாவு, அவர் பொறுப்பில் இருந்தோரிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நோயுற்ற குடல் பாற்சர்க்கரையை மறுக்கிறது. அதே குடல் குளுக்கோஸை ஏற்கிறது. உப்பையும் நீரையும் அதனோடு உள்ளிழுத்துக்கொள்கிறது. குடல் முழுதும் பழுதாவதில்லை. ஒரு கதவு மூடினால் மறு கதவு திறந்திருக்கிறது. எனவே வயிற்றைக் காயப்போடுவதற்கு நியாயமே இல்லாமற் போயிற்று.

1994இல் பிரவுனும் துணைவர்களும் அதுவரை நடந்த பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். நீர்ச்சத்திழப்புக் கடுமையாக இல்லாத பெரும்பாலான குழந்தைகளுக்கு வழக்கமான பாலையே நீர்க்காமல் தொடரலாம் என்பது முடிவு. 1996இல் ஆறு நாடுகளில், இருவாரத்திற்கு மேல் கழிச்சல் நீடித்த 460 குழந்தைகளுக்கு உள்ளூர் உணவுகளைக் கொண்டே மருத்துவம் செய்த ஆய்வு வெளிவந்தது. முதலிற் பாற்சர்க்கரை குறைந்த அரிசியுணவு. தேறாதவர்க்குப் பாலே இல்லாத முட்டை அல்லது கோழியிறைச்சி உணவு. ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் தேறினர். 2013இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, பாற்சர்க்கரை நீக்கிய பால் கழிச்சலைச் சராசரி 18 மணி நேரம் குறைக்கலாம் என்றது. பயன் உண்டு, ஆனால் எல்லாக் குழந்தைக்கும் கடன் வாங்கியேனும் வாங்கத்தக்க பயன் அன்று என்பதும் அவ்வெண்ணிலிருந்தே விளங்கும்.

குறைந்த செலவில் குழந்தையைக் காத்தல்

இவ்வரலாற்றிலிருந்து குடும்பங்கள் பெறத்தக்கவை சில. முதலாவது, இழந்த நீரை ஈடுசெய்தல். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அரசாங்கக் கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. குறிப்பிட்ட அளவு நீரிற் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்தல் வேண்டும். தாய்ப்பால் இருப்பின் அதனை ஒருபோதும் நிறுத்தலாகாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கமான பால்மாவையே, டின்னிற் சொன்ன அளவுப்படி கலந்து, சிறு அளவாக அடிக்கடி தரலாம். செலவை மிச்சப்படுத்த நீர் கூட்டுவது சிக்கனமன்று, அது பட்டினி.

சில நாட்களுக்குப் பின்னும் பால் குடித்தவுடன் புளித்த நீர்க் கழிச்சல் தொடர்ந்தால் கிளினிக்கில் காட்டிச் சோதிக்க வேண்டும். மருத்துவர் பாற்சர்க்கரை நீக்கிய பால்மாவைப் பரிந்துரைத்தால், "எத்தனை வாரம்?" என்று கேட்டல் நன்று. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரமே போதும். ஆகவே சிறிய டின்னாக வாங்குவதும், குறித்த நாள் ஆனதும் மருத்துவரைக் கேட்டுப் பழைய பாலுக்குச் சிறிது சிறிதாகத் திரும்புவதுமே சிக்கனம். தற்காலிகக் குறைக்கு நிரந்தரச் செலவு எதற்கு? ஆறு மாதம் நிறைந்து திட உணவு உண்ணும் குழந்தையாயின், குழைந்த சோறு, தயிர், மசித்த முட்டை, கோழியிறைச்சி போன்ற வீட்டு உணவே பெருந்துணை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கோ பால்மாவுக்கு ஈடாகக் கட்டிப்பால், கஞ்சித் தண்ணீர், தேநீர், சோயாப் பானம் எதுவும் ஆகா. பிங்கல்ஸ்டைனின் மோர்ப்பாலையும் வீட்டில் ஆக்கிப் பார்க்கலாகாது.

கண் குழிதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, கடுங்காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் கைவைத்தியம் பாராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மலத்தில் இரத்தமும் தோலில் தடிப்பும் பால் புரத ஒவ்வாமையின் அறிகுறியாகவும் இருக்கலாம். அது வேறு நோய், மருத்துவமும் வேறு.

முடிவுரை

பாலைப் பழித்தார்கள், பின்னர் புரதத்தைப் பழித்தார்கள், பின்னர் சர்க்கரையைப் பழித்தார்கள். ஒவ்வொரு முறையும் தண்டனை அடைந்தது பசித்த குழந்தையே. குடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள வல்லது. ஆறும் வரை அதற்கு நீரும் உணவும் வேண்டும் என்பதே நூறாண்டு ஆராய்ச்சியின் சாரம். சாங்கிச் சிறை கண்ட சிசிலி அம்மையாரும் பாங்கான் முகாமில் வாளியில் கரைசல் கலந்த மகலனாபிஸும் விலையுயர்ந்த பொருள்களைத் தேடவில்லை. தாய்மாரிடம் நல்லறிவு சேர வேண்டும் என்றே பாடுபட்டனர்.

அந்த அறிவைக் கொண்டு சேர்க்கும் பணி மருத்துவரோடு முடிவதன்று. பள்ளிக்கு வரும் பெற்றோர், தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து வரும் மூத்த பிள்ளை, நாளை தாயாகப் போகும் மாணவி ஆகிய அனைவரோடும் நாள்தோறும் பேசும் வாய்ப்பு ஆசிரியருக்கு உண்டு. சுகாதாரப் பாடத்தில் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தால் ஒரு வீட்டில் பாலில் நீர் கூடாதிருக்குமாயின், அங்கே ஒரு குழந்தை பட்டினியிலிருந்து தப்பும்.